தகரக் கூரையும் பலகைத் தளமும்

1. முதல் நாள்

ஆசிரியர் கலாசாலையில் என் முதல் நாள், இடாப்பில் பெயர் கூப்பிட்டபோது "பிரசன்ட் சேர்" என்றேன். நான்கு வகுப்புகள் திரும்பிப் பார்த்தன.

நான்கு வகுப்புகளும் ஒரே மண்டபத்தில் இருந்ததுதான் காரணம். அது முன்பு நெல் சேமித்து வைத்த பழைய ஸ்டோர். நடுவில் ஆள் உயரத்துக்குத் தட்டிகள் வைத்து நான்காகப் பிரித்திருந்தார்கள். ஒரு வகுப்பில் தும்மினால் மற்ற மூன்று வகுப்பிலும் கேட்கும். நான் தும்மவில்லை, கத்தியிருந்தேன். எனக்கு அது கத்தல் என்று தெரியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கதைப்போம்.

தட்டிக்கு மேலால் பக்கத்து வகுப்பு விரிவுரையாளரின் தலை தெரிந்தது.

"ஆரது உள்ளுக்கு மைக் கொண்டு வந்திருக்கிறது?"

எங்கள் கணித விரிவுரையாளர் தங்கராசா சேர் காரைதீவைச் சேர்ந்தவர். மெலிந்த, உயரமான மனிதர். சிரிக்காமல் பகிடி விடுவார். "மைக் இல்லை, மிஸ்டர். மருதமுனைப் பிள்ளை ஒண்டு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"றஹீமா, சேர்."

"அதை நான் மட்டும் கேட்டாக் காணும் பிள்ள. கல்முனைச் சந்தைக்கும் கேக்கத் தேவையில்லை."

மண்டபமே சிரித்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த திருக்கோவில் யோகேஸ்வரி என் காதில், "இஞ்சரு கா, ஒண்டுக்கும் கவலைப்படாத. ஒன்ட சத்தத்துக்கு ஒரு நாள் வேலை வரும்," என்றாள். அவள் சும்மா ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டுக் கொட்டிலில் வரிசையாகக் கைத்தறிகள். வாப்பா, உம்மா, சாச்சாமார் எல்லோரும் அதில்தான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கேட்காது. ஆகவே ஒன்றில் கத்துவோம், அல்லது வாயைத் திறக்காமல் கையால் கதைப்போம். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். தாழ்த்திச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இல்லை.

2. கட்டடத்தின் இரண்டு குறைகள்

புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் இன்று அந்த மண்டபத்தைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்கள். நாங்கள் அதில் படித்தோம் என்றால் நம்பமாட்டார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த கட்டடம் இன்னும் அமையவில்லை. சுவர்கள் கனமாக இருக்கும். ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும். வெளியே பார்க்க முடியாது, பாடத்தைத்தான் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் உள்ளே ஒரு குளிர்ச்சி. வைகாசி மாதத்திலும் மூலைகளில் நெல் வாசம் இருக்கும்.

அதற்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது கூரை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி பழைய ஓடுகளைக் கொண்டுபோன பிறகு தகரம் போட்டிருந்தார்கள். மாரி மழை அந்தத் தகரத்தில் விழத் தொடங்கினால் விரிவுரை முடிந்தது. இரண்டாவது குறை தளம். நெல் மூடைகளில் ஈரம் ஏறாமலிருக்க நிலத்திலிருந்து உயர்த்திப் பலகை அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் யாராவது நடந்தால் மறு மூலையில் இருப்பவரின் கதிரைக் கால் அதிரும். "மெல்ல நடங்க, மெல்ல நடங்க" என்று விரிவுரையாளர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மழை பெய்தால் நான்கு விரிவுரையாளர்களும் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நிற்பார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "மழைப் பீரியட்". அந்த நேரத்தில் நானும் யோகேஸ்வரியும் கதைப்போம், தறிக் கொட்டில் பாஷையில். இரண்டு விரலைச் சேர்த்துச் சட்டென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. பொத்திய கை என்றால் நிறுத்து. ஒரு துணி நெய்து முடியும் நேரத்தில், வெட்டி எடுக்கவா என்று கேட்டால், மூத்தவர் உள்ளங்கையைக் கீழே வைத்து மெதுவாக முன்னால் தள்ளிக் காட்டுவார். வெட்ட வேண்டாம், பாவு நூல் இன்னும் ஓடட்டும் என்று அர்த்தம். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தறிகளுக்குக் கீழே போட்டிருக்கும் நீளப் பலகையில் குதிக்காலால் இரண்டு தரம் தட்டுவோம். காதுக்கு எட்டாதது காலுக்கு எட்டும்.

யோகேஸ்வரி இதையெல்லாம் ஒரு மாரியில் படித்துவிட்டாள். அவளிடமிருந்து பெண்கள் விடுதி முழுக்கப் பரவியது. விடுதிச் சோற்றில் கல் கிடந்தால் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் "நூல் அறுந்துவிட்டது" காட்டுவார்கள்.

3. தங்கராசா சேர் பிடித்தார்

ஒரு மழைப் பீரியட்டில் தங்கராசா சேர் வாசலுக்குப் போகாமல் மேசையிலேயே இருந்துவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. யோகேஸ்வரி சேரின் நடையைக் கையால் காட்டினாள். நான் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் சேர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார்.

மழை விட்டதும் கேட்டார். "என்ன அது? பரீட்சையில பாத்தெழுத ஒரு ஏற்பாடோ?"

"இல்ல சேர். எங்கட தறிக் கொட்டில்ல கதைக்கிறது," என்றேன்.

"என்னைப் பத்தி என்ன கதைச்சீங்க?"

யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். நான் கொப்பியைப் புரட்டினேன்.

"சரி. அதை விடுங்க. மழைக்குள்ள இவ்வளவு கதைக்கலாமெண்டா, மழைக்குள்ள படிப்பிக்கவும் ஏலும்தானே? எனக்கும் காட்டித் தாங்க."

சேர் அப்போது அதிபருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். எங்களிடமிருந்து படிக்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. ஆனால் அவருடைய விரல்கள் அவர் சொல் கேட்காது. அடுத்த மழையில் எங்களைக் கொப்பியைத் திறக்கச் சொல்ல நினைத்து, சாயப் பானை பொங்கி வழிகிறது என்று காட்டினார். வகுப்பு முழுக்கச் சிரித்து விழுந்தது. தான் என்ன சொன்னார் என்பதை என்னிடம் கேட்டறிந்த பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு கணித வகுப்புக்கு மழைப் பீரியட் இல்லை. கரும்பலகையில் சேர் ஒரு வரி எழுதுவார், பலகைத் தளத்தில் தட்டுவார், அடுத்த வரியை நாங்கள் ஒவ்வொருவராகப் போய் எழுதுவோம். பிழையென்றால் நூல் அறுந்துவிடும். மற்ற மூன்று வகுப்புகளும் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

4. வாப்பா நெய்த துண்டு

இறுதி வருடக் கற்பித்தல் பரீட்சைக்கு வெளியிலிருந்து பரீட்சகர் வருவார். பக்கத்துக் கடற்கரைப் பாடசாலையிலிருந்து ஒரு வகுப்புப் பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டி வருவார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு முழுப் பாடம் படிப்பிக்க வேண்டும். இடையில் பாடம் நின்றுவிட்டால் அவ்வளவுதான். பரீட்சகர் அடுத்த கலாசாலைக்குப் போய்விடுவார். மறுபடி அவர் வருவது அடுத்த வருடம்.

மற்றவர்களுக்கு ஒரு வருடம் பிந்தினால் பிந்தியது. எனக்கு அப்படியில்லை. என் தங்கச்சி நசீரா எட்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். தை மாதத்திலிருந்து அவளைத் தறியில் இருத்துவது என்று வீட்டில் பேச்சு. கொட்டிலில் அவளுக்கென்று ஒரு தறியையும் வாப்பா சரிப்படுத்தத் தொடங்கியிருந்தார். வாப்பா கெட்ட மனிதர் அல்ல. படிப்பு என்பது அவருக்குக் கரை தெரியாத கடல்.

"ஒருத்தி போயிருக்காள்," என்றார் உம்மாவிடம். "அவள்ட படிப்பு எங்க போய் முடியுதெண்டு நான் கண்ணால பாக்கணும். மறுகா மத்தவளப் பத்திப் பேசுவம்."

"மூத்தவள் ட்ரெயின்ட் டீச்சரா வரட்டும். அதுவரைக்கும் சின்னவளத் தொடாதீங்க," என்று உம்மா சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முந்திய விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். என் பாடம் பின்னங்களைக் கூட்டுதல். நாலு சமமான பட்டிகள், நாலு நிறத்தில், நீளமாக ஒரு துண்டு நெய்து தரும்படி வாப்பாவிடம் கேட்டேன்.

"இது ஆருக்குப் புள்ள உடுக்க? சாரத்துக்குக் காணாது, துவாய்க்குக் கூடிப்போகும்."

"உடுக்க இல்ல வாப்பா. படிப்பிக்க."

"துணியாலயா படிப்பிக்கிற?"

"ஓம்."

வாப்பா நாலு நிற நூலைத் தேடி எடுத்தார். மறுநாள் துண்டு மடித்துப் பெட்டிக்கு மேல் இருந்தது. பட்டிகள் நாலும் ஒரு நூல் கூடக் குறையாமல் சமமாக இருந்தன. நசீரா அதைத் தடவிப் பார்த்தபடி, "ராத்தா, மழை வந்தாப் பாடம் நிண்டு போகுமாம், உண்மையா?" என்று கேட்டாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மழ வராது," என்றேன்.

5. மழை வந்தது

என் பாடத்துக்குரிய நேரம் காலை இடைவேளைக்குப் பிறகு. பரீட்சகர் பருத்த மனிதர், வெள்ளைக் காற்சட்டையும் கறுப்புக் குடையுமாக வந்து முன் கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தங்கராசா சேர். பின்னால் என்னுடைய வகுப்பு. நடுவில் கடற்கரைப் பிள்ளைகள், ஆறாம் ஆண்டு. எல்லாம் கரைவலை இழுக்கிற வீடுகளின் பிள்ளைகள்.

சலாம் சொல்லி, பிள்ளைகளின் வணக்கத்தையும் வாங்கி, "இண்டைக்கு நாங்க ஒரு துணியப் பங்கு வைக்கப் போறம்," என்று தொடங்கினேன். அந்த வசனம்தான் கடைசி. தகரத்தில் மழை கொட்டியது.

பக்கத்து வகுப்பு விரிவுரையாளர்கள் வாசலுக்கு நடப்பதைத் தளத்தின் அதிர்விலேயே உணர்ந்தேன். பரீட்சகர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். குடையைத் தேடிக் குனிந்தார். எனக்கு நசீராவின் தறிதான் கண்ணுக்குள் வந்தது.

செருப்பைக் கழற்றினேன். குதிக்காலால் பலகையில் இரண்டு தரம் தட்டினேன்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பரீட்சகரும் நிமிர்ந்தார். அவருடைய கதிரையும் அதிர்ந்திருக்க வேண்டும்.

வாப்பாவின் துண்டை விரித்தேன். ஒரு பிள்ளையை ஒரு முனையில், இன்னொரு பிள்ளையை மறு முனையில் பிடிக்க வைத்தேன். நடுவில் மடித்து அரைவாசியைக் காட்டினேன். கரும்பலகையில் அரை என்று எழுதினேன். ஒரு பட்டியைக் காட்டிக் கால் என்று எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் கூட்டல் அடையாளம் போட்டு, சோக்கை நீட்டினேன்.

ஒரு மாணவன் வந்து மேலுள்ளதை மேலுள்ளதுடனும் கீழுள்ளதைக் கீழுள்ளதுடனும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதினான். எல்லா ஊரிலும் பிள்ளைகள் விடுகிற பிழை அது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினேன். நூல் அறுந்தது அவனுக்குத் தெரியாது, ஆனாலும் பிழை என்று விளங்கிக்கொண்டு நாக்கைக் கடித்தான். நான் சரியான விடையை, நாலில் மூன்று என்று, வேகமாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். எனக்கு நேரம் பயம்.

அப்போது கடற்கரைப் பிள்ளைகளின் கடைசி வாங்கில் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

குழப்படி பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பொத்திய கையைக் காட்டினேன். அவள் கையை இறக்கவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். பரீட்சகர் மறுபடி குடையைத் தேடினார்.

அந்தக் குறுக்குக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனம் சொல்லியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடற்கரையில். வலை இழுக்கும்போது கடலுக்குள் நிற்கும் தோணியில் ஒருவர் அப்படித்தான் நிற்பார். வலை கடலடிப் பாறையில் கொழுவிச் சிக்கிவிட்டது, இழுக்காதீர்கள், இழுத்தால் கிழியும். அலைச் சத்தத்தில் வாயால் சொல்ல முடியாது என்பதால் அவர்களுக்கும் ஒரு கைப்பாஷை. கரையில் நிற்பவர்கள் உடனே கயிற்றைத் தளர்த்துவார்கள்.

அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது அதைத்தான். எனக்குக் கொழுவிட்டுது டீச்சர், இழுக்காதீங்க.

நான் எழுதிய விடையை அழித்தேன். அவளைக் கூப்பிட்டுத் துணியை அவள் கையில் கொடுத்தேன். அரைவாசியை அவளே விரித்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு பட்டிகள். விரலால் இரண்டையும் தொட்டாள். மற்ற ஒரு பட்டியையும் தொட்டாள். போய்க் கரும்பலகையில் அரை என்பதற்குக் கீழே நாலில் இரண்டு என்று எழுதினாள். பிறகு கூட்டினாள். நாலில் மூன்று. திரும்பி நின்று, இரண்டு கையாலும் கயிறு இழுப்பது போல இழுத்துக் காட்டினாள். வலை கழன்றுவிட்டது, இழுக்கலாம்.

வகுப்பு முழுக்க எழுந்து நின்று கயிறு இழுத்தது. பின்னால் யோகேஸ்வரியும் சேர்ந்து இழுத்தாள். தங்கராசா சேரின் கையும் மடியில் சாடையாக அசைந்தது. பாடம் முடியும்வரை மழை விடவில்லை. எனக்கும் அது விட வேண்டும் என்று இருக்கவில்லை.

6. குரலுக்குப் புள்ளி

பாடம் முடிந்தபின் மழை தணிந்தது. பரீட்சகர் தன் படிவத்தைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார்.

"மிஸ்டர் தங்கராசா, இதில ஒரு சிக்கல். பாடத்தில குறையில்ல. ஆனா இஞ்ச 'குரலும் உச்சரிப்பும்' எண்டு ஒரு பகுதி இருக்கு. நான் ஒரு வசனந்தான் கேட்டன். அதுக்கு நான் என்னெண்டு புள்ளி போடுற? வெறுமையா விட்டா மேலிடத்தில கேப்பாங்க. பாடம் நடக்கேல்ல எண்டு திருப்பி அனுப்புவாங்க."

 தங்கராசா சேர் வழக்கம்போலச் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அது ஒரு பிரச்சினையா சேர்? நீங்க அந்தத் தொங்கல் வாசலுக்குப் போய் நில்லுங்க. பிள்ள இஞ்ச நிண்டு ஒரு வசனம் சொல்லட்டும்."

பரீட்சகர் நான்கு வகுப்புகளையும் கடந்து மண்டபத்தின் மறு முனைக்கு நடந்தார். நடுவில் மூன்று தட்டிகள், கூரையில் இன்னும் சொட்டுகிற தூறல்.

"எதைச் சொல்லட்டும் சேர்?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லுங்க. நான் தடுக்கமாட்டன்."

இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த தறிக் கொட்டில் சத்தத்தை அன்று வெளியே விட்டேன்.

"என்ட பேர் றஹீமா! மருதமுனை! நான் கணிதம் படிப்பிக்கிறன்!"

நான்கு வகுப்புகளும் திரும்பிப் பார்த்தன. அதே பக்கத்து வகுப்பு விரிவுரையாளரின் தலை தட்டிக்கு மேல் வந்தது. "மைக் திரும்பி வந்திட்டுது," என்றார். பரீட்சகர் அங்கேயே நின்றபடி பேனாவைத் திறந்து எழுதினார். திரும்பி வந்தபோது, "உச்சரிப்பும் தெளிவு," என்று மட்டும் சொன்னார்.

யோகேஸ்வரி என் முதுகில் குத்தி, "நான் அண்டைக்கே சொன்னன் கா," என்றாள்.

7. கொழுவினால் இழுக்காதே

இப்போது நான் படிப்பிக்கிற பாடசாலையில், புது வகுப்பு எடுக்கிற முதல் நாள் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுப்பேன். நான் காலால் தட்டினால் என்னைப் பார்க்க வேண்டும். விளங்காவிட்டால் கையைத் தலைக்கு மேல் குறுக்காக வைக்க வேண்டும். "விளங்கல்ல டீச்சர்" என்று வாயால் சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கம். கையைக் குறுக்காக வைக்க வெட்கமில்லை. வலை கொழுவினால் அது வலையின் குற்றமும் இல்லை, இழுக்கிறவரின் குற்றமும் இல்லை. கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும். பாடக்குறிப்பு எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், ஒரு பிள்ளை குறுக்குக் கையோடு நிற்கும்போது அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். கலாசாலையில் நான் படித்தவற்றுள் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். இதைச் சொல்லித் தந்தது ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. சொல்ல வைத்தது ஒழுங்காகக் காது கேட்காத ஒரு மண்டபம்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சையில் சித்தி என்று முடிவு வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கொட்டிலுக்கு ஓடினேன். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நசீரா அந்தப் புதுத் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பலகையில் இரண்டு தரம் தட்டினேன். வாப்பா நிமிர்ந்தார். பரீட்சகருக்கு முன்னால் வந்த சத்தம் அப்போது எனக்கு வரவில்லை. கையில் இருந்த அவருடைய துண்டை, நாலு பட்டியும் தெரிய, விரித்துத் தலைக்கு மேல் பிடித்தேன்.

வாப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். தறியை நிறுத்தவில்லை. பிறகு நசீராவின் பக்கம் திரும்பினார். உள்ளங்கையைக் கீழே வைத்து, மெதுவாக முன்னால் தள்ளிக் காட்டினார்.

வெட்ட வேண்டாம். ஓடட்டும்.

நான் அந்தக் கையசைவை வாசித்து முடிக்கும்போது நசீரா அங்கே இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்க்கக் கிணற்றடிக்கு ஓடியிருந்தாள்.